திருகோணமலையிலிருந்து ஸ்ரீலங்கனில் பறக்கிறவர்கள் கேட்கும் கேள்விகள்

திருகோணமலை நகரம், கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், நிலாவெளிப் பக்கங்களிலிருந்து வெளிநாடு போகிறவர்களும், அவர்களை ஏற்றிவிடப் போகிறவர்களும் அடிக்கடி கேட்பவை இவை. படிக்கும்போது ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நமது தேசிய விமான சேவையிடம் இருப்பது இருபதை ஒட்டிய எண்ணிக்கையில் விமானங்கள், ஒரே தளம் (கட்டுநாயக்க விமான நிலையம்), அந்தத் தளத்தில் ஒரே ஓடுபாதை. தாமதம் முதல் நட்டம் வரை பாதிக் கேள்விகளுக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

எயார் சிலோன், எயார் லங்கா, ஸ்ரீலங்கன் மூன்றும் ஒன்றுதானா?

இல்லை, இரண்டு நிறுவனங்கள். எயார் சிலோன் 1947இல் தொடங்கி 1970களின் கடைசியில் மூடப்பட்டது. எயார் லங்கா 1979இல் புதிதாகப் பதிவான வேறு கம்பெனி. அதே கம்பெனிதான் 1999இல் ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டது. உங்கள் டிக்கட்டில் விமான எண்ணுக்கு முன்னால் வரும் ‘யூ.எல்’ எயார் லங்கா காலத்துக் குறியீடு. வாலில் இருக்கும் மயிலும் அந்தக் காலத்திலிருந்து வந்ததுதான்; வரைந்த விதம் மட்டும் மாறியிருக்கிறது. ஊரில் பெரியவர்கள் இன்னமும் ‘எயார் லங்காவில போறான்’ என்று சொன்னால் அதில் பெரிய பிழை இல்லை.

எயார் சிலோன் எப்படித் தொடங்கியது? ஏன் மூடப்பட்டது?

முதல் சேவை 1947 டிசம்பர் 10ஆம் திகதி. இரத்மலானையில் கிளம்பிய டகோட்டா விமானம் காங்கேசன்துறையில், அதாவது இன்றைய பலாலியில், இறங்கி அங்கிருந்து மெட்ராஸ் போனது. சுதந்திரத்துக்கு இரண்டு மாதம் முந்திய காலம். போக்குவரத்து அமைச்சராக இருந்தவர் ஜோன் கொத்தலாவல. மூன்று டகோட்டாக்கள், மூன்றுக்கும் தேவி என்று முடியும் பெயர்கள்: சீதா தேவி, விகாரமகா தேவி, சுனேத்திரா தேவி.

மெட்ராஸ் வரை டகோட்டா போதும். இலண்டனுக்கும் சிட்னிக்கும் போக நான்கு இயந்திர விமானம் வேண்டும், அதை வாங்கப் பணம் இல்லை. அதனால் 1949இல் அவுஸ்திரேலிய நேஷனல் எயார்வேஸ் பங்காளியாகி ஸ்கைமாஸ்டர் விமானங்களைக் கொண்டுவந்தது. 1956இல் அந்த இடத்துக்கு டச்சுக்காரரின் கே.எல்.எம் வந்தது, அதன் கொன்ஸ்டலேஷன்களும் வந்தன. 1962இலிருந்து பிரிட்டனின் பி.ஓ.ஏ.சி, கொமெட் ஜெட். 1970களில் பிரான்ஸின் யூ.டி.ஏ, டி.சி 8. பங்காளி மாறும் ஒவ்வொரு முறையும் விமானத்தின் ரகம் மாறும். ரகம் மாறினால் விமானிகளுக்குப் புதிய பயிற்சி, பொறியியலாளருக்குப் புதிய உரிமம், களஞ்சியத்தில் புதிய உதிரிப்பாகம். பழையவற்றுக்கு வாங்கி வைத்த பாகங்கள் அலுமாரியில் தூங்கும்.

1969இல் ட்ரைடன்ட் ஜெட் ஒன்று வந்தது. அந்த ரகத்தில் அது ஒன்றே ஒன்று. ஒரு ரகத்தில் ஒரே விமானம் வைத்திருப்பது ஒரே எருதைக் கட்டி வண்டி ஓட்டுவது போல: அது படுத்தால் வண்டியும் படுத்துவிடும். கடன், அரசியல் நியமனங்கள், பழைய விமானங்கள் என்று எல்லாம் சேர்ந்து இழுத்துக்கொண்டிருக்கையில், 1978 செப்டெம்பர் 7ஆம் திகதி இரத்மலானையில் நின்ற அவ்ரோ விமானம் ஒன்று குண்டுவெடிப்பில் எரிந்துபோனது. அப்போது உயிரிழப்பு இல்லை. கொஞ்ச காலத்தில் கம்பெனியும் முடிந்தது.

எயார் லங்கா என்ன செய்தது?

1979 செப்டெம்பர் 1ஆம் திகதி, சிங்கப்பூர் எயார்லைன்ஸிடம் குத்தகைக்கு எடுத்த இரண்டு போயிங் 707களுடன் பறக்கத் தொடங்கியது. நிர்வாக உதவியும் ஆரம்பத்தில் சிங்கப்பூரிலிருந்தே வந்தது. பிறகு லொக்ஹீட் ட்ரைஸ்டார், 1984இல் போயிங் 747 ஜம்போ. ஜம்போ பெருமைக்கு நல்லது. கொழும்பின் பயணிகள் தொகைக்குப் பெரிது. நிரம்பாத ஜம்போவைப் போலப் பணத்தை எரிக்கும் பொருள் வேறு கிடையாது. 1990களில் நிர்வாகம் எயார்பஸ்ஸுக்கு மாறியது: 1992இல் ஏ320, 1994இல் ஏ340. ஆசியாவில் ஏ340ஐ முதலில் பறக்கவிட்டது எயார் லங்காதான்.

இன்றைக்கும் எல்லாமே எயார்பஸ். குறுந்தூரத்துக்கு ஏ320, ஏ321 குடும்பம், நெடுந்தூரத்துக்கு ஏ330. ஒரே உற்பத்தியாளரிடம் நிற்பதால் விமானிகளை ஒரு ரகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது எளிது, விமானி அறையின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றே. எயார் சிலோன் செய்த தவறிலிருந்து உண்மையில் கற்றுக்கொண்ட பாடம் இது ஒன்றுதான் என்றும் சொல்லலாம்.

எமிரேட்ஸ் ஏன் வந்தது, ஏன் போனது?

1998இல் அரசாங்கம் பங்குகளில் ஒரு பகுதியையும் பத்து வருட நிர்வாகத்தையும் எமிரேட்ஸிடம் கொடுத்தது. எமிரேட்ஸின் பங்கு பின்னர் 43.63 வீதத்துக்கு வந்தது. பெயர் மாற்றம், புதிய ஏ330கள் எல்லாம் அந்தக் காலம். 2007 டிசம்பரில் இலண்டனிலிருந்து வர இருந்த நிரம்பிய விமானத்தில், பணம் கட்டிய பயணிகளை இறக்கி ஜனாதிபதி மகிந்த ராஜபக்சவின் குழுவினருக்கு இடம் கொடுக்க நிர்வாகம் மறுத்தது. தலைமை நிறைவேற்று அதிகாரி பீட்டர் ஹில்லின் வேலை அனுமதி இரத்தானது. 2008இல் நிர்வாக ஒப்பந்தம் நீடிக்கப்படாமல் முடிந்தது; 2010இல் அரசாங்கம் அந்தப் பங்குகளை 53 மில்லியன் டொலருக்குத் திருப்பி வாங்கியது.

குண்டுவெடிப்பு, தாக்குதல் என்று கேள்விப்படுகிறோமே, அவை எவை?

இரண்டு சம்பவங்களை மக்கள் போட்டுக் குழப்பிக்கொள்வதுண்டு. 1986 மே 3ஆம் திகதி, மாலைதீவுக்குப் புறப்பட இருந்த ட்ரைஸ்டார் கட்டுநாயக்கவில் தரையில் நிற்கும்போது குண்டு வெடித்து 21 பேர் இறந்தனர். 2001 ஜூலை 24ஆம் திகதி விடியற்காலையில் விமானப்படைத் தளமும் விமான நிலையமும் விடுதலைப் புலிகளால் தாக்கப்பட்டன. பயணிகள் எவரும் இறக்கவில்லை. ஆனால் ஸ்ரீலங்கனின் 12 விமானங்களில் பாதி அழிந்தோ சேதமடைந்தோ போனது. சின்னக் கம்பெனி ஒன்று ஒரே காலையில் பாதி விமானத்தை இழந்தால் அட்டவணையும் அப்படியே உடையும். காப்புறுதிக் கட்டணமும் ஏறும்.

1974இல் மஸ்கெலியாப் பக்கம் மலையில் மோதியதும், 1978 நவம்பரில் கட்டுநாயக்கவுக்கு அருகே விழுந்ததும் தேசிய விமான சேவையினுடையவை அல்ல. முதலாவது டச்சுக் கம்பெனி மார்ட்டின் எயாருடையது, இரண்டாவது ஐஸ்லாந்துக் கம்பெனியுடையது. இரண்டிலும் ஹஜ் பயணிகளே பெரும்பாலும் இருந்தார்கள்.

எப்போது பார்த்தாலும் நட்டம் என்கிறார்களே, ஏன்?

எரிபொருள், விமானக் குத்தகை, இயந்திரப் பராமரிப்பு, வெளிநாட்டு விமான நிலையக் கட்டணம் எல்லாம் டொலரில். இங்கே விற்கும் டிக்கட்டில் வருவது ரூபாய். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயை ஒட்டியிருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டபோது, அதே விமானம் அதே பாதையில் பறந்தாலும் செலவு ஒன்றே முக்கால் மடங்கானது. அத்தோடு பழைய கடனுக்கு வட்டி. அதில் அரசாங்கம் பொறுப்பு நின்ற 175 மில்லியன் டொலர் கடன்பத்திரமும் ஒன்று. ஏ350 விமானங்களுக்கு 2013இல் கட்டளை கொடுத்து 2016இல் கைவிட்டதற்கு நட்டஈடும் கட்ட வேண்டி வந்தது. ஹம்பாந்தோட்டைப் பக்கம் 2013இல் திறந்த மத்தள விமான நிலையத்துக்குப் பயணிகள் இல்லாமல் பறந்து, 2015 ஜனவரியில் அதை நிறுத்தினார்கள். மிஹின் லங்கா என்ற மலிவுக் கட்டணச் சேவை 2007இலிருந்து 2016 வரை தனியாக நட்டப்பட்டு, கடைசியில் இதோடு சேர்ந்தது.

2023இல் பங்குகளை விற்க அழைப்பு விட்டார்கள், கைகூடவில்லை. விமானம் பறப்பதை விட்டுவிட்டு மற்றத் தொழில்களைப் பார்த்தால் நிலைமை அவ்வளவு மோசமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கட்டுநாயக்கவில் இறங்கும் மற்றக் கம்பெனிகளின் விமானங்களுக்கும் தரைச் சேவை செய்வது ஸ்ரீலங்கன்தான், சாப்பாடு கொடுப்பது அதன் துணைக் கம்பெனி. அந்த இரண்டும் காசு பார்க்கும் தொழில்கள்.

சீனன்குடாவில் விமான நிலையம் இருக்கும்போது ஏன் கட்டுநாயக்க வரை போக வேண்டும்?

சீனன்குடா ஓடுபாதை சுமார் 2,400 மீற்றர். பிரிட்டிஷ் விமானப்படை கட்டியது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானியக் குண்டு விழுந்த தளம் இதுவேதான். 1957இல் பிரிட்டிஷார் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். இன்று அது விமானப்படையின் கல்விக்கழகமும் பயிற்சித் தளமும்.

ஏ320 ஒன்று 2,400 மீற்றரில் இறங்கி ஏறுவது பொதுவாக முடிந்த காரியம். தடை ஓடுபாதையின் நீளத்தில் இல்லை. ஏ320 வந்து போக தீயணைப்புச் சேவை 6ஆம் தரத்தில் இருக்க வேண்டும், ஏ330க்கு அதன் ரகத்தைப் பொறுத்து 8ஆம் அல்லது 9ஆம் தரம்: அத்தனை வண்டி, அத்தனை தண்ணீர், அத்தனை ஆட்கள். ஓடுபாதைத் தளம் அந்த எடையை நாளாந்தம் தாங்க வேண்டும். குடிவரவு, சுங்கம், பொதிச் சோதனை இயந்திரம், விமான எரிபொருள் வசதி எல்லாம் வேண்டும். இவை எல்லாம் கிடைத்தாலும் ஒரு நாளைக்கு 150 இருக்கைகள் நிரம்ப வேண்டும். கணக்கு அங்கேதான் உதைக்கிறது.

‘எண்ணெய்க் குதங்கள் பக்கத்திலேயே இருக்கின்றனவே’ என்று சொல்பவர்கள் உண்டு. சீனன்குடாக் குதங்கள் கப்பல்களுக்காகக் கட்டியவை. பழைய உலை எண்ணெய்த் தாங்கியில் விமான எரிபொருளை அப்படியே ஊற்ற முடியாது: துரு, தண்ணீர், பழைய எண்ணெயின் மிச்சம் ஒரு துளியும் சேரக் கூடாது. அதற்கு உள்பூச்சுப் பூசிய தாங்கி, வடிகட்டி, தனிக் குழாய், ஒவ்வொரு முறையும் பரிசோதனை என்று வேறு ஏற்பாடு வேண்டும்.

இப்போது சீனன்குடாவுக்கும் கட்டுநாயக்கவுக்கும் இடையில் சிறிய செஸ்னா கரவான் விமானங்கள் தனியார் சேவையாக வருகின்றன. பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளுக்கான விலை. பொதி எடை குறைவு, மெத்தென்ற பைகளே வசதி. 30 கிலோ பெட்டியோடு வெளிநாடு போகிறவருக்கு அது சரிவராது.

கட்டுநாயக்கவுக்கு எப்படிப் போவது நல்லது?

தரை வழியாக 250 கிலோமீற்றர் அளவில் வரும். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வரை ஏ6 வீதி. குருநாகலில் நீர்கொழும்புப் பக்கம் திரும்பினால் கொழும்புக்குள் போக வேண்டியதில்லை. வான் பிடித்தால் ஆறு மணிநேரம் என்று வையுங்கள், தம்புள்ளையில் தேநீருக்கு நிறுத்துவதையும் சேர்த்து. 49ஆம் இலக்க கொழும்பு பஸ்ஸில் போகிறவர்கள் குருநாகலில் இறங்கி நீர்கொழும்பு பஸ்ஸுக்கு மாறலாம். பெரிய பெட்டி இருந்தால் அது தலைவலி. கொழும்பு வரை போனால் கோட்டையிலிருந்து 187ஆம் இலக்க பஸ் கட்டுநாயக்க போகிறது.

இரவு ரயிலை நம்பி அதிகாலை விமானத்துக்குப் போக வேண்டாம். கல்லோயாச் சந்திக்கும் கந்தளாய்க்கும் இடையில் யானை நடமாட்டத்தால் வேகம் குறைக்கும் இடங்கள் உண்டு, யானை மோதினால் மணிக்கணக்கில் நிற்கும். மதியத்துக்குப் பிந்திய விமானமென்றால் ரயில் நல்ல தெரிவு. ஐப்பசி முதல் தை வரை மாரி மழையில் கந்தளாய், ஹபரணைப் பக்கம் வீதியில் தண்ணீர் ஏறுவதும் உண்டு. அந்த மாதங்களில் இரண்டு மணிநேரம் கூடுதலாக வைத்துக் கிளம்புங்கள்.

பலாலியிலிருந்து போனால் கிட்டம் இல்லையா?

சென்னை போகிறவர்களுக்கு அது ஒரு வழி. பலாலி சர்வதேச விமான நிலையமாக 2019 ஒக்டோபரில் திறந்தது. அங்கிருந்து சென்னைக்குப் பறப்பவை இந்தியக் கம்பெனிகள், ஸ்ரீலங்கன் இல்லை. ஹொரவப்பொத்தானை, வவுனியா வழியாகப் போனால் தூரம் ஏறக்குறைய கட்டுநாயக்கவுக்குப் போகும் தூரமே. யாழ்ப்பாணத்தில் உறவினர் வீட்டில் ஒரு நாள் தங்க இருப்பவருக்குச் சரி.

டிக்கட்டில் பெயர் எப்படி இருக்க வேண்டும்?

நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் இது. நமது பெயர் முறையில் அப்பாவின் பெயர் முதலில் வரும், பிள்ளையின் பெயர் பின்னால். கடவுச்சீட்டில் ஒன்று குடும்பப் பெயர் என்ற இடத்திலும் மற்றது ஏனைய பெயர்கள் என்ற இடத்திலும் பதிவாகியிருக்கும். எது எங்கே பதிவாகியிருக்கிறதோ அதே ஒழுங்கில், அதே எழுத்துக்கூட்டலில் டிக்கட்டில் வர வேண்டும். முதலெழுத்தை மட்டும் போட்டு ‘க. சிவகுமார்’ பாணியில் பதியாதீர்கள்.

பார்க்க வேண்டியது கடவுச்சீட்டின் கீழே இரண்டு வரியில் ஆங்கில எழுத்தும் அம்புக்குறிகளுமாக இருக்கும் பகுதியை. இரட்டை அம்புக்குறிக்கு முன்னால் இருப்பது குடும்பப் பெயர், பின்னால் இருப்பது மற்றவை. ஓரிரு எழுத்துப் பிழை என்றால் பயணத்துக்கு முன் திருத்தித் தருவார்கள். ஆள் மாறுவது போல் பெயர் முழுவதும் மாறினால் டிக்கட்டை இரத்துச் செய்து புதிதாக எடுக்கச் சொல்வார்கள். திருமணத்துக்குப் பின் கணவர் பெயர் சேர்த்துப் புதுக் கடவுச்சீட்டு எடுத்த பெண்கள், பழைய பெயரில் விசா இருந்தால் பழைய கடவுச்சீட்டையும் கையில் கொண்டு போக வேண்டும்.

எத்தனை மணிக்கு அங்கே நிற்க வேண்டும்?

பதிவுக் கவுண்டர் மூன்று மணிநேரத்துக்கு முன் திறக்கும், ஒரு மணிநேரத்துக்கு முன் மூடும். மூடியபின் விமானம் இன்னும் தரையில் நின்றாலும் ஏற்ற மாட்டார்கள்: பயணிகள் எண்ணிக்கையும் பொதி எடையும் வைத்து எடைச் சமநிலைத் தாள் போட்டுத் தலைமை விமானிக்குக் கொடுத்திருப்பார்கள். மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போகிறவர்கள் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகப் பதிவைச் சரிபார்க்கும் வரிசைக்கும் நேரம் வைக்க வேண்டும். நான்கு மணிநேரத்துக்கு முன் வாசலில் நின்றால் நிம்மதி.

ஊர்ச் சாமான் எதைக் கொண்டுபோகலாம்?

எடை முதலில். எகானமியில் கைப்பொதி 7 கிலோ. ஒப்படைக்கும் பொதியின் அளவு டிக்கட் வகைக்கும் நாட்டுக்கும் ஏற்ப மாறும்; டிக்கட்டிலேயே எழுதியிருக்கும். மொத்த அனுமதி எவ்வளவாக இருந்தாலும் ஒரு பெட்டி 32 கிலோவுக்கு மேல் போகக் கூடாது, தூக்குகிறவர்களின் முதுகுக்காக வைத்த வரம்பு அது.

கர்ப்பூரம் கொண்டுபோக முடியாது, கைப்பொதியிலும் இல்லை பெரிய பெட்டியிலும் இல்லை. எளிதில் தீப்பிடிக்கும் திடப்பொருள் பட்டியலில் இருக்கிறது. கொப்பராவும் அப்படித்தான், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது என்ற வகை. விபூதி, சந்தனம், குங்குமம் பிரச்சினை இல்லை. மத்தாப்பு, லைட்டர் எரிவாயு நினைக்கவே வேண்டாம்.

கருவாட்டை ஐரோப்பிய ஒன்றிய நாடுகளும் பிரிட்டனும் சொந்தப் பாவனைக்கு அனுமதிக்கின்றன, மீன் வகைகளுக்கு ஆளுக்கு 20 கிலோ வரம்பு. இறைச்சி வற்றல், எருமைத் தயிர், நெய், பால்கோவா அங்கே பறிமுதலாகும். பச்சைத் தாவரங்களில் அன்னாசி, தேங்காய், வாழைப்பழம், பேரீச்சை, துரியன் ஐந்தும் தவிர்ந்த எதற்கும் ஐரோப்பிய ஒன்றியம் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் கேட்கிறது. பாரிஸுக்கு ஒரு கட்டுக் கறிவேப்பிலை கொண்டுபோய்ச் சுங்கத்தில் விடுவதை விட, இங்கேயே வறுத்து மிளகாய்த் தூளோடு அரைத்துக்கொண்டு போவது புத்தி. அவுஸ்திரேலியாவில் உணவு எதுவானாலும் அட்டையில் எழுதிக் காட்ட வேண்டும். காட்டினால் ஆகக் கூடினால் எறிவார்கள், மறைத்தால் தண்டம்.

நல்லெண்ணெய், ஊறுகாய் போத்தல்கள் பெட்டிக்குள் கசிவதற்கு ஒரு காரணம் உண்டு. மேலே பறக்கும்போது விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் தரையில் இருப்பதில் முக்கால் பங்கு அளவுக்குக் குறையும். போத்தலுக்குள் அடைபட்ட காற்று விரிந்து மூடியைத் தள்ளும். கழுத்து வரை நிரப்பி, மூடிக்குக் கீழே பொலித்தீன் வைத்து இறுக்கி, இரண்டு பைகளில் போட்டுக் கட்டுங்கள். கைப்பொதியில் 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட போத்தல் எதுவும் ஏறாது. அச்சாறும் சம்பலும் திரவக் கணக்கில்தான் சேரும்.

பவர் பேங்க்?

கைப்பொதியில் மட்டும், பெரிய பெட்டியில் ஒருபோதும் இல்லை. பொருட்கள் அறையில் தீப்பிடித்தால் யாரும் போய் அணைக்க முடியாது. 100 வாட் மணி வரை தடையில்லை. கணக்குப் பார்க்க, மில்லிஅம்பியர் மணியை 3.7ஆல் பெருக்கி 1,000ஆல் பிரியுங்கள்: 20,000 என்று எழுதியிருந்தால் 74 வாட் மணி, சரி. 30,000 என்றால் 111, கம்பெனியிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். எண் அழிந்துபோன பவர் பேங்கைச் சோதனையில் எடுத்துவிடுவார்கள்.

சைவச் சாப்பாட்டுக்கு என்ன சொல்ல வேண்டும்?

‘இந்து உணவு’ என்று பதியாதீர்கள். அந்தக் குறியீட்டில் மாடும் பன்றியும்தான் இருக்காது. கோழியோ மீனோ ஆடோ வரும். சைவம் வேண்டுமென்றால் ‘ஆசிய சைவம்’, குறியீடு ஏ.வி.எம்.எல். புறப்பட 24 மணிநேரத்துக்கு முன் பதிய வேண்டும். கந்தசஷ்டி விரதக்காரர் பழம் மட்டும் வேண்டுமென்றால் பழத்தட்டு என்றே தனி வகை உண்டு.

ஏன் இவ்வளவு தாமதம்?

சென்னையிலிருந்து வரும் விமானம்தான் அடுத்து மாலைதீவுக்குப் போகிறது, பிறகு வேறெங்கோ. காலையில் ஒரு மணிநேரம் பிந்தினால் அன்று முழுவதும் அந்த ஒரு மணிநேரம் பின்தொடர்ந்து வரும். பெரிய கம்பெனி ஒன்று மாற்று விமானத்தைத் தயாராக நிறுத்தி வைத்திருக்கும். இருபது சொச்சத்தில் ஒன்றைச் சும்மா நிறுத்த இங்கே வசதி இல்லை.

பொறியியல் காரணங்கள் பலவிதம். ஒரு பறவை இயந்திரத்துக்குள் போனால் நுண்கமெராக் குழாயை உள்ளே விட்டு இயந்திரத்தின் சுழல் தகடுகளை ஒவ்வொன்றாகப் பார்க்கும் வரை விமானம் அசையாது. ஒரு பாகம் பழுதானாலும் பறக்க அனுமதிக்கும் பட்டியல் ஒன்று உண்டு. அதில் இல்லாத பாகமென்றால் நிற்க வேண்டும். உதிரிப்பாகம் கொழும்பில் இல்லாவிட்டால் சிங்கப்பூரிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ அடுத்த விமானத்தில் வரவேண்டும். 2023இல் மாற்று இயந்திரம் கிடைக்காமல் ஏ320 நியோக்கள் நின்றதும் அட்டவணையை நன்றாகவே குலைத்தது. உலகம் முழுவதும் இயந்திரம் திருத்தும் பட்டறைகளில் வரிசை நீண்டிருந்த காலம் அது.

அடுத்தது பணியாளர் நேரம். விமானிக்கும் பணிப்பெண்களுக்கும் ஒரு நாளில் இத்தனை மணிநேரம்தான் என்று சட்ட வரம்பு உண்டு. மூன்று மணிநேரத் தாமதம் அந்த வரம்பைத் தாண்டவைத்தால், விமானம் திருந்திய பிறகும் புதுக் குழு வரும் வரை காத்திருக்க வேண்டும். பயணிகள் ‘திருத்தியாச்சு என்றார்களே, இன்னும் ஏன் ஏற்றவில்லை’ என்று கொதிப்பது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான். சிட்னியில் இரவு 11 முதல் காலை 6 வரை ஊரடங்கு. கொழும்பில் பிந்தினால் அங்கே இறங்கும் நேரத்தையும் கணக்குப் பார்த்தே கிளம்ப வேண்டும்.

கட்டுநாயக்கவில் 3,350 மீற்றரில் ஒரே ஓடுபாதை. 2017 ஜனவரி முதல் ஏப்ரல் வரை அதைப் புதுப்பித்தபோது தினமும் காலை எட்டரையிலிருந்து மாலை நான்கரை வரை மூடினார்கள். நாட்டின் விமானப் போக்குவரத்து முழுவதும் இரவுக்கு நகர்ந்தது. 2022 எரிபொருள் நெருக்கடியில் நெடுந்தூர விமானங்கள் இங்கே எண்ணெய் போதாமல் திருவனந்தபுரத்திலும் கொச்சியிலும் இறங்கி நிரப்பிக்கொண்டு போயின.

தாமதத்துக்கு நட்டஈடு கிடைக்குமா?

எங்கிருந்து புறப்பட்டீர்கள் என்பதைப் பொறுத்தது. இலண்டனிலிருந்து கொழும்பு வரும்போது பிரிட்டிஷ் சட்டம் ஸ்ரீலங்கனுக்கும் பொருந்தும். கொழும்பில் நான்கு மணிநேரத்துக்கு மேல் பிந்தி இறங்கினால் 520 பவுண், மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் அதில் பாதி. பாரிஸிலிருந்து என்றால் 600 யூரோ. விமானத்தின் பழுது கம்பெனியின் பொறுப்பு. புயல், வான்கட்டுப்பாட்டு வேலைநிறுத்தம் போன்றவை விலக்கு. கொழும்பிலிருந்து இலண்டன் போகும்போது இதே சட்டம் பொருந்தாது. சாப்பாடும் தங்குமிடமும் கேட்கலாம், ரொக்கம் கிடையாது. போர்டிங் பாஸைத் தூக்கி எறியாதீர்கள். இறங்கிய நேரத்தையும், கதவு திறந்த நேரம்தான் கணக்கு, கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள்.

விமான எண்ணில் ஏதும் ஒழுங்கு இருக்கிறதா?

மேற்கும் வடக்கும் போகிறவை கொழும்பிலிருந்து ஒற்றை எண், திரும்பும்போது இரட்டை: இலண்டனுக்கு 503, அங்கிருந்து 504. கிழக்கே போகிறவை தலைகீழ்: மெல்பேர்னுக்கு 604, திரும்ப 605. ஏற்றிவரப் போகிற தம்பி தவறான எண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்காமலிருக்க இது உதவும்.

பெட்டி வரவில்லை. என்ன செய்வது?

வருகை மண்டபத்தை விட்டு வெளியே வரும் முன், பொதிச் சேவை மேசையில் முறைப்பாட்டுப் படிவம் எழுதி இலக்கம் வாங்குங்கள். வெளியே வந்தபின் சொன்னால் நீங்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டதாகவே எண்ணுவார்கள். பதிவுக் கவுண்டரில் கொடுத்த பொதிச் சீட்டின் துண்டு கையில் இருக்க வேண்டும், பலர் அதை போர்டிங் பாஸோடு எறிந்துவிடுகிறார்கள்.

பெட்டி உடைந்திருந்தால் 7 நாளுக்குள், பிந்தி வந்தால் வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். மொன்றியல் உடன்படிக்கைப்படி இழப்பீட்டின் உச்சம் 2024 டிசம்பர் இறுதியிலிருந்து 1,519 சிறப்பு எடுப்பு உரிமை அலகு. உலக நாணய நிதியத்தின் கணக்கு அலகு அது, டொலரில் இரண்டாயிரத்தை ஒட்டி வரும். அந்த முழுத் தொகையும் தானாகக் கிடைக்காது, பட்டியலும் இயன்றவரை பற்றுச்சீட்டும் வேண்டும். நகையும் காசும் அந்தப் பெட்டியில் இருந்ததாக எழுதினால் கம்பெனி விலக்குச் சொல்லும்.

படிவத்தில் விலாசத்தைக் கொழும்பு உறவினர் வீடு என்று எழுதாமல் திருகோணமலை விலாசத்தையே எழுதுங்கள், வீட்டுக்குக் கொண்டுவந்து தரும்படி கேளுங்கள். பெட்டிக்குப் பூட்டுப் போட்டிருந்தால் மட்டும் ஒரு சிக்கல் உண்டு: சுங்கம் திறந்து பார்க்க வேண்டுமென்று சொன்னால் திறப்போடு நீங்களே கட்டுநாயக்கவுக்குத் திரும்பப் போக நேரிடும்.